இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை

ஹார்ன்மவுத் துறைமுகத்தில் கடற்படை அதிகாரிகள் குடியிருக்கும் மேட்டுத் தெருவில், காலை மேஜைக்கு அவித்த முட்டை வருவதற்கு முன்பே செத்துப்போனவர்கள் வந்துவிடுவார்கள். லண்டன் செய்தித்தாளின் இரங்கல் பத்தியை மற்ற ஊர்களில் துக்கத்துக்காகப் படிப்பார்கள். மேட்டுத் தெருவில் விரலை மடக்கிக்கொண்டே படிப்பார்கள்.

காரணம் இருக்கிறது. மகாராணியின் கடற்படையில் ஒருவன் கேப்டன் ஆகும் வரைக்கும் திறமை வேண்டும், இல்லையென்றால் மந்திரி சபையில் ஒரு மாமா வேண்டும். கேப்டன் ஆன பிறகு இரண்டும் வேண்டாம். மூச்சு இருந்தால் போதும், அடுத்த படியான ரியர் அட்மிரல் ஆகிவிடலாம். மேலே ஒரு கிழவர் கண்ணை மூடினால் கீழே இருப்பவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு படி ஏறுவார்கள். இதற்குச் சீனியாரிட்டி என்று பெயர். இதைவிட நேர்மையான முறை உலகத்தில் கிடையாது என்று மேலே ஏறியவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

கேப்டன் ஆம்ப்ரோஸ் பென்ஹாலோவும் இந்த வழியில்தான் ஏறி வந்தார். மற்றவர்களுக்கு உறுத்தாத ஒன்று அவருக்கு மட்டும் உறுத்தியது. தன் ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு சவப்பெட்டி இருப்பதாக அவருக்குத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வயதான அட்மிரல்கள் அனைவரின் உடல்நலத்துக்காகவும் பெயர் சொல்லி உருகிப் பிரார்த்திப்பார். பக்கத்தில் அவர் மனைவி லெட்டிஷியா முழங்கையால் இடிப்பாள்.

"மெதுவாங்க. கடவுள் காதுல விழுந்து தொலைக்கப் போகுது."

அந்தச் செவ்வாய்க்கிழமை லெட்டிஷியா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரியர் அட்மிரல் தர்லோ போயிட்டார், ஆம்ப்ரோஸ். நிமோனியாவாம். பாவம், தங்கமான மனுஷர்." அதே மூச்சில், "உங்களுக்கு ரியர் அட்மிரல் கோட்டு தைக்கக் குடுக்கணும். அந்தத் தையல்காரன் இழுத்தடிப்பான்" என்றாள்.

முட்டையை உடைக்கப் போன பென்ஹாலோவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"கோட்டு இருக்கு, லெட்டி."

"எங்க இருக்கு?"

"கப்பல்ல. பெட்டிக்குள்ள."

"அவர் நேத்துதானே செத்தார்?"

"அவருக்கு ரொம்ப நாளா இருமல் இருந்துச்சு" என்று பென்ஹாலோ தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

லெட்டிஷியா கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வையை அவர் பார்த்ததில்லை. அது மரியாதை. அவரோ முட்டையை உடைக்காமலே தள்ளி வைத்தார். அந்தக் கோட்டினால் ஏற்கெனவே ஒரு கப்பல் மணலில் ஏறியிருந்தது. கோட்டுதான் காரணம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நடந்தது இதுதான். மகாராணியின் கப்பல்களில் பகல் பன்னிரண்டு மணி தானாக ஆகிவிடாது. கரையில் இருக்கும் ரொட்டிக்காரனுக்கும் கசாப்புக்காரனுக்கும் அது கேட்பாரில்லாமல் வந்து போகும். கப்பலில் அதற்கு அனுமதி வேண்டும். சூரியன் உச்சிக்கு வந்ததும் வழி பார்க்கும் அதிகாரி கேப்டனிடம் போய், "மணி பன்னிரண்டு, சார்" என்று விண்ணப்பிக்க வேண்டும். கேப்டன் அதைப் பரிசீலிப்பதுபோல் சற்று நிறுத்தி, "ஆகட்டும்" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் மணி அடிப்பார்கள், அப்புறம்தான் பன்னிரண்டு. மணி அடித்தால்தான் மாலுமிகளுக்குச் சாப்பாடும் ரம்மும்.

பென்ஹாலோவின் கப்பலுக்குக் 'காம்போஷர்' என்று பெயர். நிதானம் என்று பொருள். அன்றைக்கு அது கரையோரமாக வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கப்பலை இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்று கேப்டனே காலையில் உத்தரவு போட்டிருந்தார். திருப்பாவிட்டால் எதிரே மணல்திட்டு. கிழவி மூக்கு என்று மாலுமிகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

வழி பார்க்கும் அதிகாரி லெப்டினன்ட் வில்ஃப்ரிட் கார்ஸ்லேக் சரியான நேரத்தில் கேப்டன் அறைக் கதவைத் தட்டினான். "மணி பன்னிரண்டு, சார்."

உள்ளே பென்ஹாலோ கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். உடம்பில் புது ரியர் அட்மிரல் கோட்டு. அந்தப் பதவிக்கு உரிய தர்லோ இன்னும் உயிரோடு இருமிக்கொண்டிருக்கிறார், அதற்குள் அவருடைய இடத்தின் தங்கப் பட்டை இவர் கையில். சும்மா அளவு பார்க்கத்தான் போட்டார். அளவு பார்த்துவிட்டுத் திரும்பியவர் இன்னொரு தடவை பக்கவாட்டில் பார்த்தார். தட்டிய சத்தம் கேட்டதும் அவசரமாகக் கழற்றப் போக, தையல்காரன் இறுக்கிப் பிடித்துத் தைத்த கைப்பகுதியில் முழங்கை மாட்டிக்கொண்டது. ஒரு கை உள்ளே, ஒரு கை தலைக்கு மேலே.

"பொறு! இன்னும் ஆகல!" என்று கத்தினார்.

கார்ஸ்லேக் பொறுத்தான். மேலே சூரியன் உச்சியில் நின்றது. சுக்கான் பிடித்தவன் மணிச்சத்தத்துக்காகக் காத்திருந்தான். மணி அடிக்கிறவன் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தான். சமையல்கட்டில் வெந்த மாட்டிறைச்சியும் காத்திருந்தது. கேப்டன் ஆகவில்லை என்று சொன்ன பிறகு பன்னிரண்டு ஆகிவிட்டதாக நினைப்பது கலகம். ஆகவே யாரும் நினைக்கவில்லை. அந்த முழுக் கீழ்ப்படிதலோடும், பெயருக்கு ஏற்ற நிதானத்தோடும், 'காம்போஷர்' கிழவி மூக்கின்மேல் ஏறி உட்கார்ந்தது.

கரையில் குடை பிடித்து உலாவிய பெண்கள் நின்று பார்த்தார்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மேலே ஓடிவந்த பென்ஹாலோவிடம் மாலுமிகள் கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு எப்போது என்று கேட்டார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு "ஆகட்டும்" என்றார். மணி அடித்தது. சாய்ந்த கப்பலில் தட்டைச் சாய்த்துப் பிடித்துச் சாப்பிட்டார்கள்.

கப்பல் மணலில் ஏறினால் யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். அது மரபு. கார்ஸ்லேக் மேல் வழக்குப் போட்டார்கள். அதற்குள் தர்லோ செத்துப்போக, பென்ஹாலோ ரியர் அட்மிரல் ஆனார்.

கறுப்புக் கையுறை போட்டுத் தர்லோவைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, அவர் துறைமுகத்தின் தலைமை அட்மிரல் சர் கிராண்டிசன் ஹாக்கைப் பார்க்கப் போனார். ஹாக் ஜன்னலோரம் அமர்ந்து பன்றி இறைச்சி தின்றுகொண்டிருந்தார்.

"சார், 'காம்போஷர்' மணல்ல ஏறினதுக்கு நான்தான் காரணம்."

"நான்னா யாரு?"

"நான்தான் சார். பென்ஹாலோ."

"ரியர் அட்மிரல் பென்ஹாலோ" என்று ஹாக் திருத்தினார். "கப்பல் மணல்ல ஏறின அன்னிக்கு அதுல ரியர் அட்மிரல்னு யாருமே இல்ல. நானே விசாரிச்சுப் பாத்துட்டேன்."

"அப்ப நான் கேப்டனா இருந்தேன், சார்."

"அந்தக் கேப்டன் இப்ப எங்க? கூப்பிடுங்க பார்ப்போம்." ஹாக் கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை. "பாத்தீங்களா? இல்லாத ஆள் மேல எப்படிங்க வழக்குப் போடறது?"

பென்ஹாலோ விடவில்லை. "கார்ஸ்லேக் பேர்ல தப்பே இல்ல, சார். வேலை போயிடும் அவனுக்கு. ரெண்டு குழந்தைங்க."

ஹாக் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தால் சொற்பொழிவு வரும் என்று துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"பென்ஹாலோ, நான் என் காலத்துல மூணு கப்பலை முழுகடிச்சவன். பெருமைக்குச் சொல்லல. மூணுல எதுலயாவது ஹாக் தப்புன்னு ஒரு பேச்சு உண்டா? முதல் கப்பலுக்குப் புயல். ரெண்டாவதுக்கு ஒரு லெப்டினன்ட். மூணாவதுக்குப் பிரெஞ்சுக்காரன் போட்ட வரைபடம். ஒரு லெப்டினன்ட் தப்புப் பண்ணினா ஒரு லெப்டினன்ட் போவான், அவ்வளவுதான். ஊர்ல லெப்டினன்ட்டுக்கா பஞ்சம்? ஆனா ஒரு அட்மிரல் தப்புப் பண்ணினா, அவரை அட்மிரல் ஆக்கினவங்க தப்பு. அவங்களுக்குப் பதவி குடுத்தவங்க தப்பு. அப்படியே போய்க் கடைசில மகாராணி வாசப்படியில நிக்கும். நீங்க என்ன, மகாராணியைக் குத்தம் சொல்றீங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

"அதோட, தர்லோ செத்ததும் உங்களுக்குக் கீழ இருக்கற அத்தனை பேரும் ஒரு படி ஏறியாச்சு. எல்லாரும் கோட்டு தைச்சாச்சு. நீங்க இறங்கினீங்கன்னா ஊர்ல இருக்கற அத்தனை கோட்டையும் பிரிக்கணும். அவங்க பொண்டாட்டிங்க உங்களை உயிரோட விடுவாங்களா?"

கோட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் பென்ஹாலோ குறுக்கிட்டார். "கோட்டைப் பத்தித்தான் சார் நான் சொல்ல வந்தது..."

"வேண்டாம்" என்று ஹாக் கையை உயர்த்தினார். இந்தத் துறைமுகத்தில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பது போல இருந்தது அவர் முகம். "விசாரணைக்கு ஒரு ரியர் அட்மிரல் தலைமை தாங்கணும். ஒருத்தருக்குக் கால் வீக்கம். ஒருத்தர் மால்ட்டாவுல. இன்னொருத்தரை எழுப்பவே முடியல. நீங்கதான் உக்காரணும்."

"நானா? சார், நடந்ததுக்குக் காரணமே..."

"அதான் சொல்றேன். நடந்தது என்னன்னு முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. உங்களைவிட நல்ல நீதிபதி யாரு?"

வீட்டில் லெட்டிஷியாவிடம் பேச்சை எடுத்தார். அவள் புது அழைப்பிதழ்களை முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் செருகிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒத்துக்கிட்டா விருந்துல என்னை எங்க உக்கார வைப்பாங்க தெரியுமா? மறுபடியும் மேஜைக் கடைசில, அந்த டாக்டர் பொண்டாட்டி பக்கத்துல. அவ வாயைத் திறந்தா மூலவியாதிதான். சூப்பு இறங்காது."

"கார்ஸ்லேக் பொண்டாட்டிக்கு அந்தச் சூப்பே இருக்காது, லெட்டி."

"அவங்க சின்ன வயசு. பசி தாங்குவாங்க" என்றாள் லெட்டிஷியா. சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது. அழைப்பிதழ் ஒன்றை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் செருகினாள்.

மறுநாள் கார்ஸ்லேக்கே வந்துவிட்டான். தோட்டத்து வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முகம் ஒட்டிப்போயிருந்தது. வந்தவன் உதவி கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டான். பென்ஹாலோவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"நான் இன்னும் பலமாத் தட்டியிருக்கணும், சார். அதையேதான் நினைச்சுட்டிருக்கேன்."

"நீ சரியாத்தான் தட்டினே."

"இல்ல சார். பலமாத் தட்டியிருந்தா உங்களுக்கு நல்லாக் கேட்டிருக்கும். என் சம்சாரம் எடித் அழுதுட்டே இருக்கா. அவ அண்ணன் ரெடிங் ஊர்ல மெழுகுவத்திக் கடை வச்சிருக்கார். வந்துடுன்னு கூப்பிடறார். பசங்ககிட்ட இன்னும் சொல்லல. பெரியவன் தெருவுல எல்லார்கிட்டயும் எங்கப்பாதான் கப்பலுக்கு வழி காட்டறவர்னு சொல்லிட்டுத் திரியறான்."

பென்ஹாலோ வேலிக்கதவைப் பிடித்துக்கொண்டார். இதோ சொல்லிவிடலாம், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "அன்னிக்கு உள்ள நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார். தெரிஞ்சுக்கற உரிமையும் எனக்கு இல்ல."

"கேளு."

"கேக்க மாட்டேன் சார்."

"கேளுன்னு உத்தரவு போட்டா?"

"கேப்பேன் சார்" என்று கார்ஸ்லேக் நிமிர்ந்து நின்றான்.

உத்தரவு போட வேண்டியதுதான் பாக்கி. வாழ்நாள் முழுவதும் உத்தரவு போட்டே பழகிய வாய் அது. அந்தச் சமயத்தில் அதற்குள் கொழுக்கட்டை அடைத்துக்கொண்டது. தெருவில் போன ஒரு கேப்டனின் மனைவி குனிந்து வணக்கம் சொன்னாள், புது ரியர் அட்மிரலுக்கு.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார் பென்ஹாலோ.

"சௌக்கியம் சார்" என்றான் கார்ஸ்லேக். இருவரும் வானத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள்.

விசாரணை பழைய மரக்கப்பல் 'பெனவலன்ஸ்' மேல் நடந்தது. அந்தக் கப்பல் நகர்ந்து பல காலம் ஆகிறது. இனி நகராது என்பதால் அதற்கு மரியாதை அதிகம். துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் அனைத்தும் அதைப் பார்த்துத்தான் மணி அடிக்கும். காலையில் பீரங்கி முழங்க, ஐந்து கேப்டன்கள் கொம்பு வைத்த தொப்பியோடு வரிசையாக ஏறி வந்தார்கள். நடு நாற்காலியில் பென்ஹாலோ உட்கார்ந்தார். உடம்பில் அதே கோட்டு. வேறு கோட்டு இல்லை.

எதிரில் கார்ஸ்லேக். நடுவே பச்சைத் துணி விரித்த மேஜை. அதன்மேல் கார்ஸ்லேக்கின் வாளைக் குறுக்காக வைத்தார்கள். தீர்ப்பை வாயால் சொல்வதற்கு முன் வாள் சொல்லிவிடும். குற்றவாளி என்றால் அதன் முனை அவனைப் பார்க்கத் திருப்பி வைப்பார்கள். குற்றமற்றவன் என்றால் கைப்பிடி அவன் பக்கம் இருக்கும். அப்படி வைத்தால் முனை யார் பக்கம் வரும் என்பதை யாரும் யோசித்ததில்லை. பென்ஹாலோ அன்று முழுவதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

சட்டம் பார்க்கும் மாட்லி மெலிந்த மனிதர். குற்றச்சாட்டைப் படித்தார்: பகல் பன்னிரண்டு மணிக்குக் கப்பலைத் திருப்பவில்லை.

"பன்னிரண்டு ஆகல, சார்" என்றான் கார்ஸ்லேக்.

"சூரியன் எங்க இருந்துச்சு?"

"உச்சியில இருந்துச்சு."

"சூரியன் உச்சியில இருந்தா பன்னிரண்டுதானே?"

"கப்பல்ல இல்ல, சார்."

ஐந்து கேப்டன்களும் தலையாட்டினார்கள். பதில் சரியான பதில். ஓரத்தில் இருந்த கேப்டன் பிரென்டிஸ் ஒரு சந்தேகம் கிளப்பினார். சீனியாரிட்டியில் பென்ஹாலோவுக்கு அடுத்த ஆள் அவர். "சூரியனைச் சாட்சியா எடுத்துக்கலாமா? அது சத்தியப் பிரமாணம் எடுக்கலையே."

"எடுத்துக்க முடியாது" என்றார் மாட்லி. "சூரியன் கடற்படைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதும் இல்ல. ஆக, அப்ப பன்னிரண்டு ஆகலைன்னு வச்சுக்குவோம். அப்படீன்னா குற்றம் இன்னும் பெருசாகுது. உரிய நேரம் வர்றதுக்கு முன்னாடியே, உத்தரவு இல்லாம, கப்பலை மணல்ல ஏத்தியிருக்கார்."

கேப்டன்கள் உச்சுக் கொட்டினார்கள். நேரத்துக்கு முன்னால் ஒரு காரியத்தைச் செய்வது கடற்படையில் மன்னிக்க முடியாத அவசரம்.

"நீங்க கதவைத் தட்டினப்ப கேப்டன் என்ன சொன்னார்?" என்று மாட்லி கேட்டார்.

கார்ஸ்லேக் பென்ஹாலோவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். "நினைவில்ல, சார்."

பொய். அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே வாக்கியம் அவனிடம் இருந்தது. அதை அவன் தன்னைக் காப்பாற்றாத கேப்டனுக்காக விழுங்கிவிட்டான். இந்த மனிதனின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனே என்று பென்ஹாலோவுக்கு நெஞ்சு குமைந்தது. கேப்டன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் முடிந்துவிட்டது என்ற பார்வை அது. கீழே ஆட்டிறைச்சி வேகும் வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. 'பெனவலன்ஸ்' கப்பலின் அதிகாரி உள்ளே வந்து, அங்கே இருப்பவர்களில் மூத்தவர் யார் என்று பார்த்து, பென்ஹாலோ முன் விறைப்பாக நின்றான்.

"மணி பன்னிரண்டு, சார்."

எல்லாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளத் தயாரானார்கள். பென்ஹாலோ அந்த அதிகாரியைப் பார்த்தார். பிறகு வாளைப் பார்த்தார்.

"இன்னும் ஆகல" என்றார்.

அதிகாரி வெளியே போனான். சிறிது நேரம் கழித்து மறுபடியும் வந்தான். "பன்னிரண்டு, சார்." "ஆகல." ஊருக்குள் தேவாலய மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. அது கடற்படையில் இல்லாததால் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. துறைமுகம் முழுக்கக் கப்பல்கள் 'பெனவலன்ஸ்' மணிக்காகக் காத்துக் கிடந்தன. ரம் பீப்பாயைச் சுற்றி மாலுமிகள் கோப்பையோடு நின்றார்கள். கப்பலுக்குக் கப்பல் கொடி ஏற்றி, என்ன ஆயிற்று, யார் செத்தது என்று கேட்டார்கள். சர் கிராண்டிசன் ஹாக்கின் மாளிகையிலிருந்தும் கொடிச் சைகை வந்தது: "என் சூப்பு ஆறுகிறது."

"சார், உடம்புக்கு ஏதாவது?" என்று பிரென்டிஸ் குனிந்து கேட்டார்.

பென்ஹாலோ எழுந்து நின்றார். "நான் ஒண்ணு சொல்லணும். அதைக் கேட்டு நியாயமா முடிவு பண்ற வரைக்கும் இந்தத் துறைமுகத்துல பன்னிரண்டு ஆகாது." கோட்டின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "கார்ஸ்லேக் தட்டினப்ப நான் உள்ள இந்தக் கோட்டைப் போட்டு அழகு பாத்துட்டிருந்தேன். தர்லோ அப்ப உயிரோட இருந்தார். கை மாட்டிக்கிச்சு. மானம் போயிடுமேன்னு இன்னும் ஆகலைன்னு கத்தினேன். கப்பல் ஏறினது அதனாலதான். குற்றவாளி நான்."

கார்ஸ்லேக் முதல்முறையாகச் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அந்தக் கோட்டைப் பார்த்தான். ஐந்து கேப்டன்கள் மட்டும் எதையும் பார்க்காமல் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் வீட்டிலும், கற்பூர உருண்டை போட்ட பெட்டிக்குள், இதே போல ஆளுக்கு ஒரு கோட்டு இருந்தது.

"சார்" என்றார் பிரென்டிஸ், குரலைத் தாழ்த்தி. "இந்தக் கோட்டு சமாசாரத்தை எல்லாம் வெளியில பேசணுமா?"

"தலைவர் சாட்சி சொல்லச் சட்டத்துல இடமில்ல" என்றார் மாட்லி.

"அப்ப சாப்பாடும் இல்ல" என்றார் பென்ஹாலோ. உட்கார்ந்தார்.

மகாராணியின் கடற்படையை எதிரிகள் பலமுறை பணிய வைக்கப் பார்த்து முடியாமல் போயிருக்கிறார்கள். ஆட்டிறைச்சி வாசனை அரை மணியில் பணிய வைத்தது. கார்ஸ்லேக்கை வெளியே அனுப்பிவிட்டுக் கேப்டன்கள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தார்கள். குற்றவாளி அட்மிரல் என்று சொல்ல முடியாது. லெப்டினன்ட் என்று சொன்னால் பசியில் சாக வேண்டும். கடைசியில் வயிறு இரைய ஒருவருக்கு வழி தோன்றிவிட்டது. மாட்லி எழுந்து வாசித்தார்: கிழவி மூக்கு என்னும் மணல்திட்டு, முன்னறிவிப்பின்றி, மகாராணியின் கப்பல் போகும் வழியில் மரியாதையில்லாமல் கிடந்ததே விபத்துக்குக் காரணம். மணல்திட்டை இந்த நீதிமன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது. லெப்டினன்ட் கார்ஸ்லேக் குற்றமற்றவர்.

மாட்லி வாளைத் திருப்பி வைத்தார். கைப்பிடி கார்ஸ்லேக் நிற்கப் போகும் பக்கம். முனை நேராக வந்து பென்ஹாலோவின் மூன்றாவது பொத்தானைப் பார்த்து நின்றது. மற்றவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கார்ஸ்லேக்கை அழைத்து வந்து தீர்ப்பைச் சொன்னார்கள். பென்ஹாலோ, "ஆகட்டும்" என்றார்.

மணி அடித்தது. அதைக் கேட்டுத் துறைமுகம் முழுக்க மணிகள் அடித்தன. கப்பலுக்குக் கப்பல் மாலுமிகள் கூவிய கூச்சல் போர் வெற்றிபோல் இருந்தது. கேப்டன்கள் ஏணியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். மாட்லி போகிற போக்கில் குனிந்து, "நீங்க சொன்னதை எழுதல, சார். தலைவர் சற்று நேரம் இருமினார்னு போட்டுட்டேன். யாருக்கும் சங்கடம் இல்ல பாருங்க" என்றார்.

பிரென்டிஸ் வாசலில் நின்று திரும்பினார். "இருமலா, சார்? பாத்துக்குங்க. தர்லோவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது." அவர் குரலில் அன்பு வழிந்தது. பென்ஹாலோவின் தோள் அகலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அறையில் இருவரும் மேஜையும் மட்டும் இருந்தார்கள்.

"கார்ஸ்லேக்" என்றார் பென்ஹாலோ.

"கோட்டு உங்களுக்கு நல்லாப் பொருந்தியிருக்கு, சார்" என்றான் கார்ஸ்லேக். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். "நான் ரெடிங் போறேன். மச்சான்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்."

"எதுக்குப்பா? உன்னைக் குற்றமற்றவன்னு சொல்லியாச்சே. உன் பேரு சுத்தமாயிடுச்சே."

"ஆமாம் சார். மணலும் உங்க இருமலும் சேர்ந்து சுத்தம் பண்ணிடுச்சு." தொப்பியை எடுத்துக்கொண்டான். "மச்சான் கடையில பன்னிரண்டு ஆச்சுன்னா யாரையும் கேக்க வேண்டாமாம். கடிகாரத்தைப் பாத்துட்டு, கதவைச் சாத்திட்டு, சாப்பிடப் போயிடுவாங்களாம். எடித் சொன்னா. எனக்கு நம்பிக்கையே வரல."

"வாளை எடுத்துக்கோ."

"மெழுகுவத்திக் கடையில எதுக்கு சார்?"

பழக்கதோஷத்தில் சல்யூட் வைத்தான். வெளியே போய்க் கதவைச் சாத்தினான். பிறகு, வெளியிலிருந்து, அந்தக் கதவை ஒரே ஒரு முறை முஷ்டியால் தட்டினான். மேஜைமேல் வாள் அதிர்ந்தது. அவ்வளவு பலமாகத் தட்ட அவனால் முடியும் என்று பென்ஹாலோவுக்குத் தெரியாது.

கீழே தட்டுகள் மோதும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. யாரோ வந்து, ஆட்டிறைச்சி ஆறுகிறது, சார், என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. தீர்ப்பு முடிந்த பின் வாளை எடுக்க வேண்டியவன் அதற்கு உரியவன்தான். வேறு யாரும் தொடக் கூடாது. அதுவும் மரபு. அதனால் அது கிடந்தது, முனை அவரைப் பார்த்தபடி.

வெகு நேரம் கழித்து பென்ஹாலோ எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு மெல்ல நடந்துபோய், காலையிலிருந்து கார்ஸ்லேக் நின்ற இடத்தில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் கைப்பிடிதான் அவர் பக்கம் இருந்தது. குற்றமற்றவன். ஆள் நடமாட்டம் இல்லாத அறை, பார்க்கிறவர்கள் யாருமில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தார்.

மனம் ஒப்பவில்லை. திரும்பி நடந்துவந்து முனைக்கு எதிரே தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.